ஆறுமணிக்குருவி பாடும் பறவையா? காக்கைக்குக் கிடைத்த இடம் அதற்கு ஏன் கிடைக்கவில்லை

கேள்வி இதுதான்: வீட்டுத் தோட்டத்துக்கு ஆறுமணிக்குருவி வந்திருக்கிறது. ஒரு புத்தகம் அதைப் ‘பாடும் பறவை’ என்கிறது, இன்னொன்று இல்லை என்கிறது. எது சரி, அதன் குடும்பம் எது? வீட்டுக்குள் வந்து விழுந்துவிட்டால் என்ன செய்வது?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தோட்டக்கள்ளன், பொன்னுத்தொட்டான் என்றும் பெயருள்ள இந்தப் பறவை பேசரிஃபார்மிஸ் வரிசையைச் சேர்ந்தது. சிட்டு, மைனா, காக்கை, தேன்சிட்டு எல்லாம் அந்த வரிசைதான். ஆனால் அந்த வரிசைக்குள் ‘பாடும் பறவைகள்’ என்று அறிவியல் தனியாகப் பிரித்து வைத்திருக்கும் கிளையில் இது இல்லை, பக்கத்துக் கிளையில் இருக்கிறது. இரண்டு புத்தகமும் ஒரு வகையில் சரிதான். முதல் புத்தகம் சொல்லைத் தளர்வாகப் பயன்படுத்தியிருக்கிறது, இரண்டாவது கறாராக.

இந்தச் சொல்தான் பலரையும் குழப்புகிறது. நம் காதுக்குப் பாடும் பறவை என்றால் குயில். ஆனால் குயில் பேசரிஃபார்மிஸ் வரிசையிலேயே கிடையாது, அதற்குத் தனி வரிசை உண்டு. மறுபக்கம், யாரும் பாட்டுக் கேட்கப் போகாத காக்கை கறாரான கணக்கில் முழுமையான பாடும் பறவை. இனிமைக்கும் இந்தப் பிரிவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. பிரித்தவர்கள் பார்த்தது பாட்டை அல்ல, பாட்டு பிறக்கும் உறுப்பை.

பறவையின் குரல் நம்மைப்போல் தொண்டையின் மேல்பகுதியில் பிறப்பதில்லை. மூச்சுக்குழாய் நெஞ்சுக்குள் இறங்கி, இரண்டு நுரையீரலுக்குமாகக் கவைபோல் பிரிகிற இடத்தில் சிரிங்ஸ் என்ற உறுப்பு இருக்கிறது. அங்கேதான் குரல். பாடும் பறவைகளில் இந்தச் சிரிங்ஸைச் சுற்றிச் சிறுசிறு தசைகள் பல ஜோடிகளாகப் பின்னிக் கிடக்கும். இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் தனித்தனியாக இழுத்துத் தளர்த்தி, ஒரே நேரத்தில் இரண்டு சுரங்களைக்கூட எழுப்ப முடியும். ஆறுமணிக்குருவியின் குடும்பத்தில் சிரிங்ஸுக்கே உரிய அந்தத் தசைகள் இல்லை. ஜெர்மன் உடற்கூறியல் அறிஞர் யோஹன்னஸ் ம்யூலர் பறவைகளை அறுத்துப் பார்த்து, குரலுறுப்பின் அமைப்பை வைத்து இந்த வரிசையைப் பிரிக்கலாம் என்று 1847இல் வெளியிட்டார். மரபணு வந்த பிறகும் அவர் போட்ட கோடு பெரும்பாலும் அப்படியே நிற்கிறது.

இன்றைய கணக்கில் பேசரிஃபார்மிஸ் வரிசை மூன்றாகப் பிரிகிறது. நியூசிலாந்தில் மட்டும் மிஞ்சியிருக்கும் மிகச் சிறிய கிளை ஒன்று. ஆசின் எனப்படும் பாடும் பறவைகள் இன்னொன்று, இதுதான் ஆகப்பெரியது. மூன்றாவது சப்ஆசின். இதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இருந்தாலும் கிட்டத்தட்ட அத்தனையும் அமெரிக்கக் கண்டங்களில். ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா எல்லாம் சேர்த்து ஒரு கைப்பிடி இனங்கள்தான், அந்தக் கைப்பிடியில் ஒன்று நம் தோட்டத்தில் சருகைப் புரட்டிக்கொண்டிருக்கிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஒருவர் சாதாரணமாகப் பார்க்கக்கூடிய சப்ஆசின் பறவை இது ஒன்றே. அதனால்தான் உள்ளூர்ப் புத்தகங்களில் இந்தப் பிரிவே பேசப்படுவதில்லை.

இந்த வேறுபாடு வெறும் தசைக் கணக்கோடு நிற்பதில்லை. ஆசின் குஞ்சு தன் பாட்டைப் பெரிய பறவைகளிடம் கேட்டுக் கற்கிறது. கேட்க விடாமல் வளர்த்தால் உளறும். சப்ஆசின்களில் பெரும்பாலானவை பாட்டோடு பிறக்கின்றன. வட அமெரிக்காவின் கிழக்கத்திய ஃபீபி என்ற சப்ஆசின் பறவையைச் செவிப்புலன் இல்லாமல் வளர்த்தும் அது தன் இனத்துக்குரிய பாட்டைச் சரியாகப் பாடியதைக் குரூட்ஸ்மாவும் கொனிஷியும் 1991இல் காட்டினார்கள். ‘சப்ஆசின் எதுவுமே கற்காது’ என்று மட்டும் எழுதிவிட வேண்டாம். நடு அமெரிக்காவின் மூன்றுதாடி மணிப்பறவை கற்றுக்கொள்கிறது என்பது தெரிந்த விதிவிலக்கு.

தோட்டத்தில் இதைக் காதாலேயே சரிபார்க்கலாம். கரிச்சான் அடுத்த பறவையின் குரலை எடுத்துச் செய்துகாட்டும். குண்டுகரிச்சான் ஒரே விடியலில் பத்து விதமாக வளைத்துப் பாடும். ஆறுமணிக்குருவியிடம் இருப்பது இரண்டே சுரம்: மேலே ஏறி நிற்கும் ஒரு சீழ்க்கை, உடனே கீழே விழும் இன்னொன்று, ‘வீட்-ட்யூ’ என்று. கூப்பிடும்போது தலையைப் பின்னுக்கு வெட்டி அலகை வானத்துக்குத் தூக்கும். ஒவ்வொரு முறையும் அதே ஏற்றம், அதே இறக்கம். காலை ஆறு, மாலை ஆறு என்ற கணக்கில் விடியலிலும் அந்தியிலும் கேட்பதால்தான் அந்தப் பெயர். மூடாக்கான நாளில் மற்ற நேரத்திலும் கூப்பிடும், அதை வைத்துக் கடிகாரத்தைத் திருத்தக் கூடாது. சிங்களத்தில் இதற்கு அவிச்சியா என்று பெயர். உடையை இரவல் வாங்கிப்போன மயில் திருப்பித் தராததால் அதைக் கேட்டுத்தான் இது கூவுகிறது என்று அங்கே ஒரு கதை உண்டு.

இனி பெயர் வரலாறு. வகைப்பாட்டியல் எப்படித் தடுமாறி நடந்தது என்பதற்கு இந்தப் பறவையைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநிறுத்திய சுவீடன் அறிஞர் லின்னேயஸ், 1766இல் தன் ‘சிஸ்டமா நேச்சுரே’ நூலின் 12ஆம் பதிப்பில் இதைச் சேர்த்தார். பறவையை அவர் உயிரோடு பார்க்கவில்லை. ஆங்கிலப் பறவை ஓவியர் ஜார்ஜ் எட்வர்ட்ஸ் போன்றவர்களின் படத்தையும் விவரிப்பையும் வைத்து எழுதினார், வைத்த பெயர் கோர்வஸ் பிராக்கியூரஸ். கோர்வஸ் என்றால் காக்கைப் பேரினம், பிராக்கியூரஸ் என்றால் குட்டைவால். அதாவது ‘குட்டைவால் காக்கை’. பத்து ஆண்டு கழித்து ஸ்டாட்டியஸ் ம்யூலர் (மேலே சொன்ன ம்யூலர் அல்ல, அவர் பிறப்பதற்கு முன்பே மறைந்தவர்) இதைக் காக்கையிலிருந்து எடுத்துப் பூங்குருவிகளின் டர்டஸ் பேரினத்தில் போட்டார். தரையில் தத்திச் சருகைப் புரட்டும் பழக்கத்தைப் பார்த்தால் அது அவ்வளவு மோசமான ஊகம் இல்லை. 1816இல் வியேயோ என்ற பிரெஞ்சுக்காரர் இரண்டும் வேண்டாம் என்று தனிப் பேரினமே உருவாக்கினார். அதற்கு அவர் எடுத்த சொல் ‘பிட்டா’. தெலுங்கில் பிட்ட என்றால் சிறு பறவை. ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வாழும் உறவினங்களுக்கும் சேர்த்து இன்று உலகம் முழுக்க வழங்குவது இந்தத் தெலுங்குச் சொல்தான்.

இப்போதைய முழுப் பெயர் பிட்டா பிராக்கியூரா (லின்னேயஸ், 1766). இதில் இரண்டு நுட்பங்களைப் பலர் தவறவிடுகிறார்கள். கோர்வஸ் ஆண்பால், பிட்டா பெண்பால், அதனால் பிராக்கியூரஸ் என்பது பிராக்கியூரா ஆனது. இன்னொன்று அந்த அடைப்புக்குறி. அது அலங்காரத்துக்கு இல்லை. பெயர் வைத்தவர் முதலில் போட்ட பேரினம் ஒன்று, இப்போது இருப்பது வேறொன்று என்பதற்கான குறி அது. அடைப்புக்குறி இல்லாமல் எழுதினால், லின்னேயஸே பிட்டா பேரினத்தில் வைத்தார் என்று பொருளாகிவிடும். கட்டுரையோ தகவல் பலகையோ எழுதுபவர்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

ஏணியாக எழுதினால் இப்படி வரும்: வகுப்பு பறவைகள், வரிசை பேசரிஃபார்மிஸ், துணைவரிசை டைரனி எனும் சப்ஆசின், அதற்குள் பழைய உலகக் கிளையான யூரிலைமிடிஸ், குடும்பம் பிட்டிடே, பேரினம் பிட்டா, இனம் பிராக்கியூரா. துணையினம் எதுவும் இல்லை. இமயமலை அடிவாரத்தில் முட்டையிடுவதும் மத்திய இந்தியாவில் முட்டையிடுவதும் ஒன்றே என்றுதான் கொள்கிறார்கள்.

பிட்டிடே குடும்பத்துக்கு நெருங்கிய சொந்தம் யார் என்று பார்த்தால் அகன்ற அலகன்கள் என்ற பறவைகளும் மடகாஸ்கரின் அசிட்டி என்ற சிறு பறவைகளும். இந்த அசிட்டிகளில் சின்ன உடம்பும் வளைந்து நீண்ட அலகும் கொண்டு தேன் குடிக்கும் ஒரு பேரினம் உண்டு, நியோட்ரெபானிஸ். அச்சு அசல் தேன்சிட்டு. அதனால் அதைத் தேன்சிட்டுக் குடும்பத்திலேயே வைத்திருந்தார்கள். 1951இல் அமாடன் என்ற அமெரிக்கப் பறவையியலாளர் உடற்கூறைக் காட்டி, இது தேன்சிட்டே அல்ல, அசிட்டிக் குடும்பம் என்று மாற்றி வைத்தார். நிறத்தையும் அலகையும் வைத்துக் குடும்பம் சொல்வது எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு இதைத்தான் நான் எப்போதும் காட்டுவேன். பூவுக்குள் அலகு விட்டுப் பிழைக்கும் பறவைக்கு எந்தக் குடும்பமானாலும் அலகு வளைந்துவிடும். குரலுறுப்பு அப்படி அவசரப்பட்டு மாறுவதில்லை. இந்தக் கிளையில் இன்னொரு விநோதம், தென் அமெரிக்காவின் வடமேற்குக் காடுகளில் வாழும் சபயோவா என்ற மங்கலான பச்சைக் குருவி. சுற்றி இருப்பவை எல்லாம் அமெரிக்கச் சப்ஆசின்கள், ஆனால் மரபணு அதைக் கடல் கடந்து நம் பக்கத்து உறவு என்கிறது.

குடும்பத்துக்குள்ளே வந்தால் பழைய புத்தகங்களோடு மோதல் வரும். நெடுங்காலம் பிட்டாக்கள் எல்லாமே ஒரே பேரினமாக இருந்தன. 2006இல் மரபணு ஆய்வு மூன்று கிளைகளைக் காட்டியதும் பிட்டா, எரித்ரோபிட்டா, ஹைட்ரோர்னிஸ் என்று மூன்றாக்கினார்கள். ஹைட்ரோர்னிஸில் ஆணும் பெண்ணும் நிறத்தில் தெளிவாக வேறுபடும். எரித்ரோபிட்டாவில் வயிறு செக்கச்செவேல் என்றிருக்கும். பச்சை முதுகு, நீலத் தோள், கருமை கலந்த தலை என்ற வார்ப்பு பிட்டாவுக்கு. நம் பறவை பழைய பெயரிலேயே நீடித்தது. வடகிழக்கு இந்தியாவில் வாழும் நீலப்பிடரி பிட்டாதான் பெயர் மாறியது. பழைய நூலில் பிட்டா நிபாலென்சிஸ் என்றும் புதிய பட்டியலில் ஹைட்ரோர்னிஸ் நிபாலென்சிஸ் என்றும் பார்த்தால் இரண்டு பறவை என்று எண்ண வேண்டாம்.

இதைவிடச் சிக்கலான பொறி ஒன்று உண்டு. சதுப்புநிலப் பிட்டா, நீலச்சிறகுப் பிட்டா, கிழக்காசியாவின் தேவதைப் பிட்டா ஆகிய மூன்றும் நம் பறவைக்கு உடன்பிறப்புகள் மாதிரி. பழைய பட்டியல்கள் சில இவற்றைப் பிராக்கியூராவின் துணையினங்கள் என்றே எழுதின. ஆகவே ஜப்பானையோ தைவானையோ பற்றிய பழைய குறிப்பில் ‘பிட்டா பிராக்கியூரா’ என்று வந்தால் அது தேவதைப் பிட்டா. நம்முடையது அங்கே போவதில்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருந்து படம் அனுப்பி ‘ஆறுமணிக்குருவி கண்ணாடியில் மோதி விழுந்திருக்கிறது’ என்பவர்களுக்கும் இதே பதில்: அது பெரும்பாலும் நீலச்சிறகுப் பிட்டா, இல்லாவிட்டால் கருந்தலைப் பிட்டா.

அடையாளத்துக்கு வருவோம். நீளம் 15 முதல் 19 செ.மீ., எடை 47 முதல் 66 கிராம். மைனாவைவிடச் சின்ன உடம்பு, வாலை ஒட்ட வெட்டியதுபோல் ஒரு தோற்றம். முதலில் தலையைப் பாருங்கள். வெளிர்பழுப்பு உச்சியின் நடுவில் ஒரு கறுப்புக் கோடு, கண்ணை மறைத்து ஓடும் அகலமான கறுப்புப் பட்டை, அதற்கு மேலே மெல்லிய வெள்ளைப் புருவம். தொண்டை வெள்ளை. முதுகு பச்சை. தோளிலும் இடுப்பிலும் பளீரென்ற நீலம். மார்பு வெளிர்பழுப்பு. அடிவயிற்றிலிருந்து வால் அடிவரை குங்குமச் சிவப்பு. கால் வெளிறிய இளஞ்சிவப்பு. இந்தியில் நவரங் என்பது ஒன்பது நிறம் என்ற கணக்கில். ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி, இளம் பறவைக்கு நிறம் மங்கல். ‘அழகாக இருப்பது ஆண்’ என்று படத்துக்குக் கீழே எழுதுகிற வழக்கம் இங்கே எடுபடாது.

இதைப் பெரும்பாலும் மீன்கொத்தி என்று நினைத்துவிடுகிறார்கள். காரணம் இருக்கிறது. வெண்தொண்டை மீன்கொத்திக்கும் வெள்ளைத் தொண்டை, நீல முதுகு, பறக்கும்போது சிறகில் தெரியும் வெள்ளைத் திட்டு எல்லாம் உண்டு. கண்ணில் பட்டது ஒரே நொடி என்றால் நிறத்தை விட்டுவிட்டு நடத்தையைப் பிடியுங்கள். மீன்கொத்தி கம்பியிலும் கொம்பிலும் வெளிப்படையாக உட்காரும், தரையில் நடமாடாது. பிட்டா தரைப் பறவை. இரண்டு காலும் சேர்த்துத் தத்தித் தத்திப் போகும், நின்று சருகை அலகால் தள்ளும், புழுவையோ வண்டையோ இழுக்கும், குட்டைவாலை மெல்ல மேலும் கீழும் அசைக்கும். கிளப்பினால் தாழ்வாக நேரே பறந்து அடுத்த புதருக்குள் போய்விடும். உறங்க மட்டும் மரத்துக்கு ஏறும். இந்தியக் கரையில் சுந்தரவனத்திலோ ஒடிசாவின் பிதர்கனிகாவிலோ இருந்தால் சதுப்புநிலப் பிட்டாவோடும் குழம்பலாம். அதற்கு அலகு பெரியது, உச்சி முழுக்கப் பழுப்பு, நடுக்கோடு இல்லை. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இந்தச் சந்தேகம் தேவையில்லை.

இமயமலை அடிவாரம், மத்திய இந்தியக் குன்றுகள், கர்நாடகம் வரையிலான மேற்குத் தொடர்ச்சி மலை ஆகிய இடங்களில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இனப்பெருக்கம். காய்ந்த இலையும் புல்லும் கொண்டு பந்துபோல் ஒரு கூடு, பக்கவாட்டில் வட்ட வாசல், தரையிலோ தாழ்ந்த கிளையிலோ. நாலைந்து முட்டை, பளபளப்பான வெள்ளையில் மங்கிய ஊதாப் புள்ளிகள். மழைக்காலம் முடிந்ததும் தெற்கே இறங்கும். செப்டம்பர், அக்டோபர் வாக்கில் நம் பக்கம் வந்து, சித்திரை பிறக்கும் சமயத்தில் திரும்பும்.

வந்து சேருகிற அந்தச் சில வாரங்களில்தான் வீட்டுக்குள் விழுவது நடக்கிறது. இரவில் பறந்து வரும் பறவை, விடியும்போது சோர்ந்து கிடைத்த இடத்தில் இறங்கும். விளக்கு வெளிச்சமும் கண்ணாடிச் சன்னலும் அதைக் குழப்பும். மாடிப்படியிலோ குளியலறையிலோ அசையாமல் நிற்கும் பறவைக்குப் பெரும்பாலும் நோய் இல்லை, களைப்புதான், அல்லது மோதிய அதிர்ச்சி.

முதலில் பூனையையும் நாயையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். மெல்லிய துணியை மேலே போர்த்தி, சிறகை உடம்போடு சேர்த்து இரண்டு கையாலும் எடுங்கள். நெஞ்சை அழுத்தக் கூடாது, பறவை நெஞ்சு விரிந்தால்தான் மூச்சு விடும். செருப்பு டப்பாவைவிடச் சற்றுப் பெரிய அட்டைப்பெட்டி போதும். பக்கத்தில் பென்சில் கனத்தில் பத்துப் பன்னிரண்டு துளை, அடியில் வழுக்காத துணி, மேலே மூடி. நிழலான, சத்தமில்லாத இடத்தில் ஒரு மணி நேரம் வைத்துவிடுங்கள். கம்பிக் கூண்டு வேண்டாம். மிரண்டு நெற்றியையும் அலகையும் கம்பியில் மோதிக் கிழித்துக்கொள்ளும்.

தண்ணீரை வாயைத் திறந்து ஊற்றுவதுதான் பலர் செய்யும் பெரிய தவறு. மூச்சுக்குழாயின் வாய் நாக்கின் வேர்ப்பகுதிக்குப் பின்னாலேயே திறந்திருப்பதால் தண்ணீர் அதற்குள் போனால் மூச்சுத் திணறிச் சாகலாம். சோறு, பால், பொட்டுக்கடலை எதுவும் ஊட்ட வேண்டாம். பூச்சியும் மண்புழுவும் தின்னும் பறவை அது, ஒரு மணி நேரத்தில் பட்டினியால் சாகாது. நிமிடத்துக்கொரு தரம் மூடியைத் திறந்து படம் எடுப்பதும் கெடுதல்தான். இருட்டு கொடுப்பதே அதை அமைதிப்படுத்தத்தான், ஒவ்வொரு தரமும் அதைக் கலைத்தால் பலன் இல்லை.

ஒரு மணி நேரத்துக்குப் பிறகு பெட்டிக்குள் தத்தும் சத்தம் கேட்டால் தேறிவிட்டது. ஒரு சிறகு தொங்கினாலோ, காலை ஊன்றாவிட்டாலோ, தலை ஒரு பக்கம் சாய்ந்தாலோ, வாயிலோ மூக்கிலோ ரத்தம் இருந்தாலோ விடக் கூடாது, பெட்டியோடு வனத்துறையிடமோ பறவை பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடமோ கொண்டுபோக வேண்டும். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இதை வீட்டில் வைத்து வளர்க்க முடியாது. ‘குணமாகும்வரை இருக்கட்டும்’ என்று வாரக்கணக்கில் வைத்துக்கொள்வதும் அதில்தான் சேரும்.

தேறிய பறவையை மொட்டைமாடியிலிருந்து தூக்கி எறிந்து பறக்கவிடாதீர்கள். காக்கைகள் உடனே சூழ்ந்துகொள்ளும். வெயில் தாழ்ந்த நேரத்தில், சருகு கிடக்கும் புதரடியில் பெட்டியைச் சாய்த்துத் திறந்து வைத்துவிட்டுப் பத்தடி பின்வாங்கி நில்லுங்கள். உடனே பறக்காது. இரண்டு தத்தில் வெளியே வந்து, பச்சை முதுகு இலையோடு கலந்துபோக அப்படியே கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு சருகைத் தள்ளத் தொடங்கும். அதற்குப் பிறகு அங்கே நமக்கு வேலை இல்லை.